நீ மிச்சம் வைத்துப்போன பரு மாத்திரை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் இங்கே நலம். அதாவது உன் அம்மா முழு நலம், நான் முக்கால் நலம், மீதிக் காலைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பதறாதே, யார் உயிருக்கும் ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை, கேட்டால் "நல்லா இருக்கேன்பா" என்பாய், அந்த வசனம் எனக்கு மனப்பாடம். முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, பிரிட்ஜ் உறுமுகிறது, மாடி வீட்டுக்காரர் நாற்பது வயதில் கிடார் கற்றுக்கொள்ளத் தொடங்கி ஒரே பாட்டின் முதல் வரியை இரண்டு மாதமாக வாசிக்கிறார், அடுத்த வரி என்னவென்று எங்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியாது போலிருக்கிறது. உன் அம்மாவுக்குக் குடிநீர் வாரியப் புகார்ப் பிரிவில் பதவி உயர்வு வந்திருக்கிறது. இதுவரை போனில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவள் இனிமேல் திட்டு வாங்குகிறவர்களை மேற்பார்வை பார்ப்பாள். அந்தத் தோரணை வீட்டுக்கும் வந்துவிட்டது. குழாய் ஒழுகுகிறதே என்று நான் சொன்னால், "உங்க புகார் பதிவாயிடுச்சுங்க, வரிசைப்படி கவனிப்போம்" என்கிறாள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர், வரிசையில் எனக்கு முன்னால் நிற்பது யார் என்றுதான் தெரியவில்லை.

நான் இதை எழுதுவது டிப்போவில், தொலைந்த பொருள் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு. பஸ் ஓட்டுகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பாய். ஏழு வாரமாக எனக்கு இங்கேதான் வேலை, உன்னிடம் போனில் சொல்லவில்லை. ஜனங்கள் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போவதையெல்லாம் சீட்டு எழுதி அலமாரியில் வைக்க வேண்டும், தேடி வருகிறவர்களிடம் நிறம், அளவு விசாரித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்றைய நிலவரப்படி என்னிடம் நாற்பத்தொரு குடை, பதினேழு ஒற்றைக் கையுறை, பாதி பின்னிய ஸ்வெட்டர் ஒன்று, பல் செட் ஒன்று இருக்கின்றன. பல் செட்டை ஒரு மனிதர் எப்படி சீட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போவார் என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவனை இப்படி ஊரார் பல்லுக்குக் காவல் வைத்தது எது என்றால், நீ உன் மேஜை இழுப்பறையில் மிச்சம் வைத்துப்போன பரு மாத்திரை. உன் மேல் பழி போடவில்லை அம்மா, தின்றது நான்தான்.

சிரிக்கிறாயா? சிரி. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். உனக்குத் தெரியும், நம் வீட்டில் எது மிச்சமானாலும் அது என் வயிற்றுக்குத்தான் வந்து சேரும். நீ பாதியில் வைத்த பால், ஒரு கடி கடித்துவிட்டு வைத்த பிஸ்கட், வேண்டாமென்று தள்ளிய தட்டு எல்லாவற்றையும் தின்றுதான் இந்த உடம்பை வளர்த்தேன். உனக்கு இருமல் நின்றுவிட்டால் பாட்டிலில் மீதி இருக்கும் மருந்தை நான் குடித்துவிடுவேன், எனக்கு இருமலே இல்லாவிட்டாலும் சரி, "வரப்போற இருமலுக்கு இப்பவே குடுத்து வைக்கிறேன்" என்பேன், உன் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அப்படிப்பட்ட ஆளுக்கு ஐம்பத்தாறு வயதில் மூக்கு நுனியில், அளந்து வைத்த மாதிரி நடுவில், பட்டாணி அளவுக்கு ஒரு பரு வந்தது. சரி போகட்டும் என்று விட்டால், போகும்போது தனியாகப் போனது, திரும்பி வரும்போது சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தது. அதே நேரத்தில் டிப்போவில் ஓர் அறிவிப்பு, இருபத்தைந்து வருடம் விபத்தே இல்லாமல் ஓட்டியவர்களின் படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டப்போகிறோம், அடுத்த மாதம் போட்டோக்காரர் வருகிறார் என்று. மெக்கானிக் இருக்கிறானே, நம் நட்டு, அவன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நின்று, "அண்ணே, மூக்குல சிகப்பு எரியுது, நான் நிக்கணுமா போகலாமா" என்று கேட்க ஆரம்பித்தான். ஒரு வாரத்தில் டிப்போ முழுக்க என் பெயர் சிக்னல் ஆகிவிட்டது.

அப்போதுதான் உன் மாத்திரை ஞாபகம் வந்தது. நீ வேலைக்குப் புறப்பட்டுப் போவதற்கு முந்தைய வருடம் தோல் டாக்டர் எழுதிக் கொடுத்துச் சாப்பிட்டாயே, அந்தக் கேப்சூல். இழுப்பறையைத் திறந்தால் ஏழு அட்டை முழுதாக, அட்டைக்குப் பத்து, ரப்பர் பேண்டு போட்டு அப்படியே இருக்கிறது. தேதி முடிந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, நான்கு மாதத்தில் அதற்கு என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். படிக்காமல் சாப்பிட்டேன் என்று சொல்லிவிடாதே, உள்ளே மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்து மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஐந்து இடத்தில் தடித்த எழுத்தில் கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது என்று போட்டிருந்தது. எனக்கு அந்த ஆபத்து இல்லை என்று நிம்மதியாகத் தாளை மடித்து வைத்துவிட்டேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் தலைவலி, கண் மங்கல், கைகால் மரத்துப்போதல் என்றெல்லாம் இருந்திருக்கிறது, அதுவரை யார் படிப்பார்கள்.

தினம் ஒன்று வீதம் ஒரு மாதம். இரண்டாவது வாரமே உதடு வெடித்துத் தோல் உரிந்து, சிரித்தால் ரத்தம் வந்தது, டிப்போவில் நான் திடீரென்று கம்பீரமாகிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். ஆனால் மூக்கு என்னவோ மொழுமொழுவென்று ஆகிவிட்டது. போட்டோவும் எடுத்தாயிற்று, வாசலில் மாட்டியும் ஆயிற்று, ஒரு மாப்பிள்ளை மாதிரி இருக்கிறேன். அதோடு நிறுத்தியிருந்தால் வேறு மனிதன். நாற்பது மாத்திரை மிச்சம் இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு எனக்கு எப்படித் தூக்கம் வரும்? சீக்கிரம் தீர்த்துவிடலாம் என்று தினம் இரண்டாக ஆக்கினேன். உன் அம்மா வாங்கி வாடை பிடிக்காமல் ஒதுக்கி வைத்த மீன் எண்ணெய் மாத்திரை பாட்டில் ஒன்றும் இருந்தது, அதையும் சேர்த்துக்கொண்டேன். பரு போனபிறகு பரு மாத்திரையைத் தீர்ப்பதற்காகவே சாப்பிட்ட ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன், அதற்கும் ஒரு பலகை வைத்து வாசலில் மாட்டலாம்.

கொஞ்ச நாளில் காலையில் எழுந்தால் தலை கனத்தது. சரி, வெயில் என்று நினைத்தேன். பிறகு இரண்டு பாதத்திலும் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, உட்கார்ந்தே இருப்பதால் என்று நினைத்தேன். பிறகு இடது கால் கட்டைவிரல் எனக்குச் சம்பந்தமில்லாத பக்கத்து வீட்டுக்காரர் விரல் மாதிரி ஆகிவிட்டது, ஷூ சரியில்லை என்று புது ஷூ வாங்கினேன். ஒன்றுக்கும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் பிற்பகல் ஜனங்களையெல்லாம் கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டு வெறும் வண்டியை டிப்போவுக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறேன். ஆக்ஸிலரேட்டரிலிருந்து வலது காலை எடுத்துவிட்டேன் என்று சத்தியம் செய்வேன், ஆனால் கால் எடுக்கவில்லை, அங்கேயே மிதித்துக்கொண்டிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. வண்டி நேராகப் போய்க் குப்பைத் தொட்டிகள் ஆறையும் வரிசையாகச் சாய்த்துவிட்டு சுவரில் முட்டி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, அங்கே கண்டக்டர்கள் முகம் கழுவுகிற இடம். சுவர் நின்றது, அவர்கள் ஈர முகத்தோடு எட்டிப் பார்த்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னேன்.

நட்டு இரண்டு மணி நேரம் வண்டிக்கடியில் படுத்து அந்தப் பிரேக்கை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினான். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, பிரேக் தங்கம் மாதிரி இருக்கு, இதுல கோளாறு இல்ல" என்றான், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான், அதுதான் என்னைக் குத்தியது. மறுநாள் காலை முதல் வண்டி எனக்குத்தான். சீட்டில் ஏறி உட்கார்ந்தேன், பின்னால் ஜனங்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு பெண் மார்போடு மாட்டிய பையில் இருந்த குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே முன் சீட்டில் உட்கார்ந்தாள். பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். மிதித்தது தெரிகிறது, எவ்வளவு மிதித்தேன் என்பது தெரியவில்லை. மூன்று தடவை மிதித்தேன், மூன்று தடவையும் தெரியவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி மேனேஜர் அறைக்குப் போய், சார், பிரேக் மேல பழி போட்டேன், கோளாறு என் கால்லதான், நான் இன்னிக்கு வண்டி எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எதனால் என்று கேட்டார். சொன்னேன். மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பரு மாத்திரையா? உங்க வயசுலயா?" என்றார். கதவு திறந்திருந்தது, டிப்போவுக்கு வேறு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

ஒரு வாரம் என் கவுண்டரில் தினமும் யாராவது ஒருவர் முகம் கழுவும் சோப்பு ஒன்றைத் தொலைந்த பொருள் என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒன்பது சோப்பு சேர்ந்தது, நாங்கள் இன்னும் அதைத்தான் தேய்த்துக் குளிக்கிறோம். அப்புறம் வேடிக்கை என்னவென்றால், சிரித்தவர்கள் ஒவ்வொருவராகத் தனியாக வர ஆரம்பித்தார்கள். ஒருவர் குடை தேடுவது போல வந்து, மசமசவென்று இருட்டும் நேரத்தில் எதிரே வருகிற வண்டி தனக்கு இரண்டாகத் தெரிகிறது என்று காதோடு சொன்னார். இன்னொருவர் கையுறையைப் போட்டுப் பார்த்துக்கொண்டே, கழுத்தைத் திருப்ப முடியவில்லை, கண்ணாடியை மட்டும் பார்த்து வண்டியைக் குத்துமதிப்பாகத் திருப்புகிறேன் என்றார். இத்தனை வருடமும் நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு கெட்டிக்காரர்கள் போல ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். இருவரையும் டாக்டரிடம் போகச் சொன்னேன், ஒருவர் போய்விட்டார்.

என் டாக்டர் கதைக்கு வருகிறேன். உன் அம்மா என்னை நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பெண்ணுக்கு உன்னை விட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும், ஆனால் எதிரே உட்கார்ந்ததும் எழுந்து நிற்க வேண்டும் போல எனக்கே பயம். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டு, எந்த விரல் என்று சொல்லுங்கள் என்றார். நான் இமையை லேசாகத் திறந்து பார்த்துச் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். "ஐயா, இது பரீட்சை இல்ல, பாத்து எழுதாதீங்க" என்றார். உன் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு காலில் ஒயரை ஒட்டிச் சுள்சுள்ளென்று ஷாக் கொடுத்து நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தார்கள், என் நரம்பு நம் ஊர்த் தபாலை விடக் கொஞ்சம் மெதுவாம். தலை கனத்தது என்று சொன்னதும் கண்ணுக்குள் விளக்கடித்துப் பின்பக்கம் வரை பார்த்தார், மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருந்தால் அங்கே தெரியுமாம், நல்லவேளை ஏறவில்லை. சர்க்கரை, விட்டமின் எல்லாம் ரத்தத்தில் பார்த்தாயிற்று, அவையும் ஒழுங்காக இருக்கின்றன. மாத்திரையால்தான் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது, ஆனால் வெகு சிலருக்கு இந்த மருந்து நரம்பைத் தொடுவதாகச் சொல்கிறார்கள், இரட்டை அளவு சாப்பிட்டு, அதன் சொந்தக்காரனான விட்டமின் ஏ இருக்கிற மீன் எண்ணெயையும் மேலே ஊற்றினால் சந்தேகப்படாமல் என்ன செய்வது என்றார். பெரும்பாலும் நிறுத்தினால் மெள்ள மெள்ளச் சரியாகும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடுவதும் உண்டு என்றார். எனக்கு வலது கால் திரும்பி வந்துவிட்டது. இடது கட்டைவிரல் மட்டும் இன்னும் பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கிறது.

எல்லாம் எழுதி முடித்துவிட்டு, யாருக்கு எழுதின மாத்திரை இது என்று கேட்டார். மகளுடையது, அவள் மிச்சம் வைத்தது என்றேன். அப்போது அந்த டாக்டர், "அவங்க ஏன் பாதியில நிறுத்தினாங்க?" என்று கேட்டார். பரு போய்விட்டது, போதும் என்று நீ சொன்னாய், நாங்கள் நம்பினோம். ஆனால் பரு எங்கே போயிற்று, நீ புறப்படும்போதும் முகத்தில் இருந்ததே. வீட்டுக்கு வந்து நானும் உன் அம்மாவும் உட்கார்ந்து அந்த வருடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். அந்த வருடம் நீ ஐந்து கண்ணாடி டம்ளர் உடைத்தாய். மாடிப்படியில் ஏறும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், நீ பாட்டுக்கு மேலே போய்விடுவாய். வேகிற வெயிலில் காலுறை போட்டுக்கொண்டு திரிந்தாய். சட்டைப் பொத்தானை அம்மாவிடம் போடச் சொன்னாய், இருபத்து மூன்று வயதில் என்ன செல்லம் என்று அவள் கேட்டாள். டம்ளர் உடைந்தபோதெல்லாம் நான் என்ன சொன்னேன் என்பதும் ஞாபகம் வந்தது, "சோறு திங்கிற கைதான அது" என்று கத்தினேன். உன் கை உனக்குத் தெரியாமல் போயிருக்கிறது, அந்தக் கையைத்தான் நான் திட்டியிருக்கிறேன். என்னை மன்னித்துவிடு அம்மா. இதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை, நேராகவே சொல்லிவிட்டேன்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வா. வீடியோவில் பேசினாயே. உன் உதட்டைப் பார்த்தேன். ஓரத்தில் வெடித்து, நடுவில் வெள்ளையாய்த் தோல் உரிந்து இருந்தது. குளிர் என்று அம்மாவிடம் சொன்னாய், அவள் நம்பிவிட்டாள், அவள் அந்த மாத்திரையைத் தின்றதில்லை. நான் தின்றவன். அந்த உதட்டை ஐம்பது நாள் கண்ணாடியில் பார்த்தவன். காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாய், போன் இரண்டு தரம் கீழே விழுந்தது, இரண்டாவது தரம் எடுக்க உனக்கு நேரமானது. அதோடு போகிறபோக்கில், இப்போது பேக்கிங் பிரிவில் இருக்கிறேன், சுழற்சி முறை என்றாய். காது கேட்கும் கருவிக்குள் தலைமுடி கனத்தில் கம்பி ஒட்டுகிற பெண்ணைப் பெட்டி மடிக்க அனுப்புகிற சுழற்சியை எந்தத் தொழிற்சாலையிலும் நான் கேள்விப்பட்டதில்லை. அந்த மேஜைக்கு வருவதற்கு நீ எத்தனை தேர்வு எழுதினாய் என்று எனக்குத் தெரியும். நீ மறுபடியும் அந்த மாத்திரையை ஆரம்பித்துவிட்டாய், கை மறுபடியும் மரக்கிறது, அதை அங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை. தப்பாக இருந்தால் என்னைத் திட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

ஏன் ஆரம்பித்தாய் என்பதும் எனக்குத் தெரியும், இதை எழுதத்தான் நான்கு நாளாகத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். உனக்குப் பதினைந்து வயதில் ஒருநாள் டிப்போவுக்கு என் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தாய். அத்தனை பேர் முன்னால் நான், "வாங்க ரூட் மேப்பு, நெத்தியில புறப்பட்டு தாடை வரைக்கும் எத்தனை ஸ்டாப்பு" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், அதனால் நான் அதை வருடக்கணக்கில் சொன்னேன். உன் சிரிப்பை நம்பிவிட்டேன். எனக்கு மூக்கில் ஒரு சில பரு வந்து, ஒரே ஒரு மெக்கானிக் இரண்டு வாரம் கேலி செய்ததைத் தாங்க முடியாமல், பெற்ற மகளின் இழுப்பறையைத் திறந்து திருடித் தின்றேன். நீ அந்தக் கேலியைக் கேட்டுக்கொண்டு ஒன்பது வருடம் என்னோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறாய். வாய் நிறைய கேலி வைத்திருக்கிறவனுக்குத் தன் முதுகு தெரிவதில்லை. உன் முகத்தில் எந்தக் குறையும் இல்லை, அதைப் பார்க்கிற என் கண்ணில்தான் இருந்தது, அதற்கும் ஒரு டாக்டர் இருந்தால் போயிருப்பேன்.

அந்த மருந்து விஷம் என்று நான் சொல்லவில்லை. டிப்போ கணக்கரின் மகளும் அதையே சாப்பிட்டாள், முகம் பளிச்சென்று ஆகி ஒரு தொந்தரவும் இல்லாமல் இருக்கிறாள். ஆனால் உனக்கு முன்பே ஒருமுறை கை மரத்திருக்கிறது, அதை அந்த ஊர் டாக்டருக்குச் சொல்லாமல் மறுபடியும் வாங்கியிருக்கிறாய், நான் பிரேக் மேல் பழி போட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே அவருக்குப் போன் செய். முன்பு நடந்தது, இப்போது நடப்பது, எந்த விரல், எந்தக் கால், எல்லாவற்றையும் சொல். டாக்டரைப் பார்க்கும்வரை அடுத்த மாத்திரையைப் போடலாமா என்று அவரையே கேள், நீயாக முடிவு செய்யாதே, நீயாக முடிவு செய்வது என் பரம்பரை வியாதி. பருவுக்கென்று வேறு ஆன்டிபயாடிக் எதுவும் கூடவே சாப்பிட்டால் அதையும் சொல், சில வகை இதோடு சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறுமாம். தலைவலியோடு கண் மங்கினாலோ, வாந்தி வந்தாலோ காத்திருக்காதே, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போ. உன் சூப்பர்வைசரிடமும் சொல்லிவிடு. சொன்னால் அந்த மேஜை போய்விடும் என்று பயப்படுகிறாய், எனக்குப் புரிகிறது, எனக்கும் ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருக்கிறது, மறுபடியும் ஸ்டியரிங் கிடைக்குமா என்று தெரியாது. ஆனாலும் சொன்ன அன்று எனக்கு நிம்மதியாகச் சோறு இறங்கியது. மேஜை போனால் வேறு மேஜை வரும், உன் விரலுக்கு நான் எங்கே போய் அலைவேன்.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் உடனே போனை எடுத்தாள், நான்தான் தடுத்தேன், போனில் நீ "நல்லா இருக்கேன்மா" என்றுதான் சொல்வாய், அவளும் நம்பிவிடுவாள் என்று. பதினைந்து நாள் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள், அதற்குள் நீ டாக்டரைப் பார்த்ததாகத் தகவல் இல்லையென்றால் லீவு போட்டு நேரில் வந்துவிடுவாள். பதினாறாம் நாள் உன் வாசலில் நின்று உன் சூப்பர்வைசரிடம் புகாரைப் பதிவு செய்வாள், அப்புறம் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. உடம்பைப் பார்த்துக்கொள். உதட்டுக்கு வாசலின் தடவு, நிறையத் தண்ணீர் குடி, வெந்நீரில் கைவைக்கும் முன் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார், விரலை நம்பாதே. எந்தக் குறையும் வராமல் நீ நூறு வயது இருக்க வேண்டும், இதைக் கேலி இல்லாமல் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. பதிலைப் போனில் சொல்லாதே, டைப் அடித்தும் அனுப்பாதே. ஒரு தாளும் பேனாவும் எடுத்து உன் கையால் எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை என்னைத் திட்டியே எழுது. எழுத்து கோணிக்கொண்டு போனால் கிழித்துப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று எழுதி அனுப்பாதே, முதலில் எழுதிய தாளையே அனுப்பு. செய்தியை நான் அப்புறம் படித்துக்கொள்கிறேன், முதலில் உன் கை எப்படி இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

உன் நலமே வேண்டும்,
அப்பா